கழித்தல் ஒன்று

ஹீயுமா தீவில் அன்று பனி பக்கவாட்டில் பெய்தது.
ஃபின்லாந்திலிருந்து கைமாறி வந்த பாக்கெட் கட்டுப்பாட்டுக் கருவியை
மேசைக்கால் ஒன்று குட்டையென்பதால்
சாக்லேட் டப்பா மேல் வைத்தேன்.
ரேடியோவுக்கு ஒரு கம்பி, கணினிக்கு ஒரு கம்பி.
திரையில் முக்காற்புள்ளி ஒன்று வந்து நின்றது
கடன் கேட்க வந்தவன் வாசலில் நிற்பதுபோல,
தானாக வாய் திறக்காமல்.

நேரம் கேட்டது. சொன்னேன்.
பெயர் கேட்டது. அழைப்புக்குறியைக் கொடுத்தேன்.
அஞ்சல்பெட்டிக்குத் தனிப் பெயர் வேண்டுமாம்:
அதே குறி, வாலில் ஒரு சிறுகோடு, ஓர் ஒன்று.
கழித்தல் ஒன்று.
வீட்டில் நான் இல்லாதபோது இருக்கும் நான்.

எட்டுக் கிலோபைட் ஒதுக்கினேன்.
எனக்கு வரும் கடிதங்களுக்கு அதுவே மாளிகை.
வரவேற்பு வாசகத்தை நான்கு முறை அடித்து அழித்தேன்.
'ஹெல்வே ரொட்டி சுடப் போயிருக்கிறாள்.
எழுதிவிட்டுப் போங்கள்.'
கடைசிச் சொல்லை 'போ' என்று மாற்றினேன்.
அந்த ஒரு மாற்றத்துக்குக் கால் மணி நேரம்.

கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில்
பாட்டரியைப் பற்றி, ஜம்பர் என்ற சின்னத் தொப்பியைப் பற்றி
ஒரு பத்தி இருந்தது. ஃபின்னிஷ் மொழியில்.
நாளைக்குப் படிக்கலாம்.

தாய்வோ அக்கரையில், ரோஹுகுலாவில்.
பகலில் உறைந்த கடலைத் துளையிட்டு
எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்பவன்.
இடையில் இருபத்தாறு கிலோமீட்டர்.
அவன் எழும்போது நான் படுப்பேன்.
எப்போதாவது குரலில் அகப்பட்டாலோ
இருவரும் வானிலையைத் தாண்டுவதில்லை.

ஐந்தாம் நாள் விடியலில், மாவு காய்ந்த கையோடு வந்தேன்.
சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.
பட்டியலைக் கேட்டேன்:
கடிதம் ஒன்று. அனுப்பியவன் அவன்.
பொருள்: வெற்றிடம்.
அளவு: இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு பைட்.

இந்தக் கையோடு திறக்க மனம் வரவில்லை.
குளித்துவிட்டு வருகிறேன் என்றேன்
ஒரு விளக்கிடம்.

தலையில் நுரை இருக்கும்போதே மின்சாரம் போனது.
கம்பிகளில் பனி இறுகினால் இங்கே அப்படித்தான்.
இருபது நிமிடம்.
திரும்ப வந்தபோது திரையில் அதே முக்காற்புள்ளி,
பிறந்து ஒரு நிமிடமானதுபோல்.
நேரம் என்ன என்று கேட்டது.
கடிதங்கள்: பூஜ்யம்.

அகராதியை விரித்துக்கொண்டு முப்பத்தோராம் பக்கம் படித்தேன்.
தொப்பியை இரண்டு ஊசிகள்மேல் மாட்டாவிட்டால்
மின்சாரம் போகும்போது நினைவும் கூடவே போய்விடும்.
ஒன்பது சொற்கள். ஒன்பதும் எளியவை.

மறுபடி எழுதச் சொல்லி அவனுக்கு எழுதினேன்.
அடுத்த நாள் பதில்:
'ஒன்றுமில்லை. பனிச்சாலை வியாழனன்று திறக்கும் என்றேன்.
அவ்வளவுதான்.'
அளவு எழுபத்தொன்று.
மீதி இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்றைப் பற்றி
அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் அலைவரிசையில் ரகசியம் கூடாது; சட்டம்.
போகிற எல்லாமே திறந்த அஞ்சலட்டை.
கடைக்கார லெய்டாவின் கணவனிடமும் ஒரு ரேடியோ உண்டு,
இரவெல்லாம் காகிதம் கக்கும் பிரிண்டரோடு.
புதன்கிழமை உருளைக்கிழங்கு வாங்கப் போனேன்.
தராசு நின்ற பிறகும் இரண்டு கிழங்கு கூடப் போட்டாள்.
மூன்று கிலோ கிழங்குக்கு
அத்தனை சிரிப்புத் தேவையில்லை.
கேட்டால் தருவாள். நாலாக மடித்து
கல்லாப் பெட்டியில்தான் வைத்திருப்பாள்.

நான் பாக்கியைக் கொடுத்துவிட்டு
வீட்டுக்கு வந்தேன்.
நான்கு திருகுகள். மூடி கழன்றது.
புருவம் திருத்தும் இடுக்கியால்
தொப்பியை ஊசிகள்மேல் அழுத்தினேன்.
க்ளிக் என்றுகூடச் சொல்லவில்லை.
நம்பிக்கை வராமல் பிளக்கைப் பிடுங்கி, எண்ணூறு வரை எண்ணி
மறுபடி சொருகினேன்.
நேரம் கேட்கவில்லை அது.

இடத்தைப் பதினாறு கிலோபைட்டாக்கினேன்.
வேலைக்குக் கிளம்பும்முன், கோட்டுப் போட்டபடியே
வரவேற்பு வாசகத்தை மாற்றினேன்:

'ஹெல்வே ரொட்டி சுடப் போயிருக்கிறாள்.
நீளமாக எழுது.
இப்போது பாட்டரி இருக்கிறது.'